வீட்டிலேயே கோல்ட் டிரிப் காபி: சொட்டை எண்ணிப் பழகுங்கள்

கோல்ட் டிரிப் காபிக்கு அடுப்பு வேண்டாம். பனிக்கட்டி போட்ட தண்ணீர் காபிப் பொடியின் மேல் சொட்டுச் சொட்டாக விழும். பொடிக்குள் மெல்ல ஊறி இறங்கி, அடியில் இருக்கும் ஜாடியில் காபியாகச் சேரும். 50 கிராம் பொடிக்கு 500 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், நாலு நாலரை மணி நேரத்தில் சுமார் 400 மில்லி காபி கிடைக்கும். மீதி 100 மில்லியைப் பொடியே குடித்துவிடும். காபிப் பொடி தன் எடையைப் போல இரண்டு பங்கு தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதையும் கோல்ட் ப்ரூவையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். கோல்ட் ப்ரூ என்பது ஊறவைப்பது. பருமனாக அரைத்த பொடியைத் தண்ணீரில் போட்டு 12 முதல் 18 மணி நேரம் விட்டு வடிகட்டினால் வேலை முடிந்தது. நேரம் ஆக ஆக அந்தத் தண்ணீரே காபியாகிவிடுவதால், பொடியிலிருந்து மேற்கொண்டு சாரம் இறங்குவது மந்தமாகும். டிரிப்பில் அப்படியில்லை. பொடியைத் தொடுவது எப்போதும் புதுத் தண்ணீர்தான். அதனால் நேரம் மிச்சம். பொடிப் படுகையே வடிகட்டியாகவும் வேலை செய்வதால் காபி கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும், வாசனையும் எடுப்பாக இருக்கும். ஊறவைத்த காபியின் கனம் மட்டும் இதில் கொஞ்சம் குறையும். கறுப்பாகக் குடிப்பவர்களுக்கு டிரிப்பைத்தான் முதலில் சொல்வோம்.

ஜப்பானிலும் கொரியாவிலும் இதை 'டச்சு காபி' என்பார்கள். ஜாவாவில் காபி பயிரிட்ட டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆளுயரக் கண்ணாடிக் கோபுரங்களில் காபி சொட்டும் கடைகளால் கியோட்டோ நகரத்தின் பெயரும் இதோடு ஒட்டிக்கொண்டது. கோபுரம் அழகுதான், ஆனால் காபிக்கு அது அவசியமில்லை. ஃபில்டரில் டிகாஷன் போடத் தெரிந்தவருக்குப் பாதி வேலை ஏற்கனவே தெரியும். பொடிப் படுகை வழியாகத் தண்ணீர் தன் எடையால் கீழே இறங்குவதுதான் இங்கேயும் நடக்கிறது. தண்ணீர் கொதிக்கவில்லை, மொத்தமாக ஊற்றப்படவும் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கருவி: மூன்று அடுக்கு

எந்தக் கருவியானாலும் அடுக்கு மூன்றுதான். மேலே தண்ணீர்ப் பாத்திரம், அதன் அடியில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்வு. நடுவில் பொடி இருக்கும் குழல். கீழே ஜாடி. ஹரியோ, யாமா போன்ற ஜப்பானிய, தைவானிய வகைக் கருவிகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குவதானால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, வால்வு திருகும் வகையாக இருக்கவேண்டும். வெறும் ஓட்டை வைத்த கருவியில் வேகம் உங்கள் கையில் இருக்காது. இரண்டாவது, பொடிக் குழல் அகலமாக இல்லாமல் குறுகி உயரமாக இருக்கவேண்டும். 50 கிராம் பொடிக்கு 6 செ.மீ. விட்டமுள்ள குழல் சரி. படுகை ஏறத்தாழ 4, 5 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். அகலமான குழலில் நடுவில் விழும் சொட்டு ஓரம்வரை பரவாது. ஓரத்துப் பொடி பாதி உலர்ந்தபடியே கிடந்து வீணாகும்.

வீட்டிலேயே அமைக்க ஆகும் செலவு மிகக் குறைவு. தேவையானவை இவை:

- 1 லிட்டர் தண்ணீர் பாட்டில், அடிப்பாகம் வெட்டியது
- மருந்துக் கடையில் கிடைக்கும் டிரிப்ஸ் செட் (சலைன் ஏற்றும் குழாய்), பிரிக்காத புது உறையில்
- எவர்சில்வர் காபி ஃபில்டரின் மேல் பாத்திரம்
- அது வாயில் உட்காரும் அளவுக்கு ஒரு கண்ணாடி ஜாடி, 600 மில்லிக்குக் குறையாமல்
- காகித ஃபில்டர், வட்டமாக வெட்டியது இரண்டு
- சமையல் தராசு, 1 கிராம் வரை காட்டக்கூடியது

டிரிப்ஸ் செட்டைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சொட்டை ஒழுங்குபடுத்துவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. நடுவில் உள்ள ஒளிபுகும் குப்பியில் சொட்டு விழுவதைக் கண்ணால் எண்ணலாம். கீழே உள்ள சக்கரத்தை உருட்டினால் வேகம் கூடும், குறையும். உறையில் '1 மில்லிக்கு 20 சொட்டு' என்று அச்சிட்டிருப்பதை வாங்குங்கள். கீழே சொல்லும் கணக்கு அதற்கானது. 60 சொட்டு என்று போட்டிருப்பது குழந்தைகளுக்கானது, கணக்கு மாறிவிடும். நுனியில் ஊசி இருந்தால் கழற்றி மூடிபோட்டு எறியுங்கள். டிஇஹெச்பி (பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாதது என்று குறித்த வகை கிடைத்தால் அதையே எடுங்கள். குழாயில் ஓடுவது வெறும் குளிர்ந்த தண்ணீர்தான், காபி அதைத் தொடுவதே இல்லை. ஒருவர் உடம்புக்குப் பயன்படுத்திய செட்டை எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது.

பாட்டில் மூடியின் நடுவில், செட்டின் கூர்முனையைவிடச் சற்றே சிறிய ஓட்டை போடுங்கள். முனை இறுக்கிப் பிடித்து உள்ளே போகவேண்டும், தளர்ந்தால் ஒழுகும். பாட்டிலைக் கவிழ்த்து, வெட்டிய அடிப்பாகம் மேலே இருக்கும்படி ஓர் ஆணியிலோ அலமாரிக் கம்பியிலோ தொங்கவிடுங்கள். தண்ணீர் மட்டம், குழாயின் நுனியைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பது நல்லது. தண்ணீர் குறையக் குறைய அதன் அழுத்தமும் குறைந்து சொட்டு மந்தப்படும். பாட்டில் பொடிக்கு நேர் மேலேயே, 20 செ.மீ. உயரத்தில் இருந்தால், மட்டம் 10 செ.மீ. இறங்கும்போது அழுத்தம் பாதியாகிவிடும். ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே 10 செ.மீ. இறக்கம் பத்தில் ஒரு பங்குதான். குழாய் நீளமாக இருப்பது இங்கே அனுகூலம், வெட்டிக் குட்டையாக்காதீர்கள்.

குழாய் நுனியை ஒரு கிளிப் போட்டுப் பொடிக்கு நடுவில் நிற்கும்படி கட்டிவிடுங்கள். மின்விசிறிக் காற்றில் நுனி ஆடினால் சொட்டு ஓரத்துச் சுவரில் பட்டு, பொடியைத் தொடாமலே வழிந்து ஜாடிக்குப் போகும்.

பொடி

சிக்கரி கலந்த பொடி இதற்கு ஆகவே ஆகாது. சிக்கரியில் தண்ணீரில் கரையும் பகுதி காபியைவிட மிக அதிகம். குளிர்ந்த தண்ணீரில் அது முதலில் கரைந்து பாகுபோல இறங்கும், பொடிப் படுகையைக் கூழாக்கி அடைக்கும், காபியின் வாசனையை மூடிவிடும். ஃபில்டர் காபிக்கு 80க்கு 20 என்று கலப்பது அருமையான வழக்கம். இங்கே அதற்கு இடமில்லை.

காபிக் கடையில் கொட்டை வறுத்து அரைத்துத் தருபவரிடம், "சிக்கரி வேண்டாம், பிளான்டேஷன் ஏ மட்டும், ஃபில்டருக்கு அரைக்கிறதைவிடப் பருமனா, ரவை மாதிரி" என்று கேளுங்கள். பிளான்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகா இனத்தின் பெரிய கொட்டை. பீபெரியும் (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) நன்றாக வரும். ரொபஸ்டா (காபியின் இன்னொரு இனம்) கலக்கவேண்டாம். வெந்நீரிலும் பாலிலும் ரொபஸ்டா தரும் திடம், குளிர்ந்த தண்ணீரில் கட்டைத்தனமான கசப்பாக முன்னால் வந்து நிற்கும். சேர்வராயன் மலை, நீலகிரி, பழனி மலை, குடகு, சிக்கமகளூர் அராபிகா எதுவானாலும் சரி. எஸ் 795 என்ற அராபிகா ரகம் கிடைத்தால் தொடக்கத்துக்கு அது நல்ல தேர்வு, எளிதில் சொதப்பாது. மான்சூன்ட் மலபாரை (பருவமழைக் காற்றில் பதப்படுத்திய கொட்டை) பாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிரிப்பில் அதன் மண்வாசனை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.

வறுவல் நடுத்தரமாக இருக்கட்டும். எண்ணெய் மினுக்கும் கறுப்பு வறுவல் சாம்பல் சுவை தரும். மிக இளம் வறுவலிலிருந்து குளிர்ந்த தண்ணீர் சுலபத்தில் சாரத்தை இறக்காது. வறுத்த தேதியும் முக்கியம். வறுத்து ஒரு வாரம் ஆகாத கொட்டையில் கரியமில வாயு நிறைய இருக்கும். நனைந்ததும் அது குமிழியாகக் கிளம்பிப் படுகையைப் பிளந்து, தண்ணீருக்குக் குறுக்கு வழி போட்டுக்கொடுக்கும். ஏழு நாள் முதல் மூன்று வாரம் வரை நல்ல காலம்.

அரைக்கும் பருமன் வெள்ளை ரவைக்கும் கோதுமை ரவைக்கும் இடைப்பட்டது. கோல்ட் ப்ரூவுக்கு அரைப்பதைவிட நைசு, நம் ஃபில்டருக்கு அரைப்பதைவிட நன்றாகவே பருமன். மிக்ஸியில் அரைப்பதானால் இரண்டு வினாடி ஓட்டி நிறுத்தி, குலுக்கி, மறுபடி இரண்டு வினாடி என்று ஐந்தாறு தடவை செய்யுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பொடி சூடாகி வாசனை போகும். அரைத்ததை மைதா சலிக்கும் சல்லடையில் சலித்து, கீழே விழும் தூளைத் தனியே எடுத்துவையுங்கள். படுகை அடைத்துக்கொள்வதற்கு முதல் காரணம் அந்தத் தூள்தான். அதை வீணாக்கவேண்டாம், மறுநாள் காலை ஃபில்டரில் போடலாம். சலித்தபின் 50 கிராம் நிற்கவேண்டும் என்பதால் 60 கிராம் கொட்டையிலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீரும் பனிக்கட்டியும்

போர் தண்ணீர் கடினமானது, காபியின் புளிப்பையும் இனிப்பையும் மழுங்கடிக்கும். ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 20, 30 என்று வரும் தண்ணீரில் சுவை தட்டையாக நிற்கும். 75 முதல் 150 வரை டிடிஎஸ் உள்ள தண்ணீர் நன்றாக வேலை செய்யும். ஆர்ஓ இயந்திரத்தில் டிடிஎஸ் கூட்டும் திருகு இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். எதுவானாலும் குடிக்கத் தகுந்த தண்ணீராகவே இருக்கவேண்டும், ஏனென்றால் இந்த முறையில் கிருமியைக் கொல்லும் சூடு எந்தக் கட்டத்திலும் இல்லை.

பனிக்கட்டியிலும் அதே தண்ணீர்தான். ஃப்ரீசரில் மூடாமல் வைத்த தட்டில் உறைந்த கட்டி, பக்கத்தில் இருக்கும் மீன், பூண்டு, மல்லிகைச் சரம் எல்லாவற்றின் வாசனையையும் வாங்கிவைத்திருக்கும். மூடியுள்ள தட்டில் உறையவையுங்கள்.

பனிக்கட்டி சேர்ப்பது குளிர்ச்சிக்காக மட்டுமல்ல. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை வைகாசியில் அறையே 34, 35 டிகிரி. அந்தச் சூட்டில் நனைந்த காபிப் பொடி நாலு மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகக் கொண்டாட்டம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலைதான் உணவு கெடும் எல்லை. ஆகவே மேலே பனிக்கட்டி, கீழே ஜாடியைச் சுற்றியும் பனிக்கட்டி நிரப்பிய கிண்ணம். இரண்டும் வேண்டும்.

செய்முறை

1. ஃபில்டர் பாத்திரம், ஜாடி, கரண்டி எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவி, கவிழ்த்து உலரவிடுங்கள். பாட்டிலும் டிரிப்ஸ் செட்டும் வெந்நீரில் சுருங்கும். குடிதண்ணீரை ஒரு பாட்டில் அளவு அவற்றின் வழியே ஓடவிட்டால் போதும்.

2. ஃபில்டர் பாத்திரத்தின் அடியில் காகித வட்டத்தை நனைத்துப் படியவையுங்கள். ஓட்டைகள் முழுவதும் மூடியிருக்கவேண்டும், ஓரம் மடங்கி நிற்கக்கூடாது.

3. 50 கிராம் பொடியைப் போட்டு, பாத்திரத்தின் பக்கத்தை விரலால் தட்டிச் சமன்செய்யுங்கள். ஃபில்டரில் செய்வதுபோல ஓட்டைத் தட்டை வைத்து அழுத்தவேண்டாம். அந்தப் பழக்கம் கைக்கு வந்துவிட்டவர்கள் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். அழுத்திய படுகையில் குளிர்ந்த தண்ணீர் இறங்காது.

4. 60 மில்லி குளிர்ந்த தண்ணீரை ஒரு கரண்டியால் வட்டமாக, பொடி முழுவதும் படும்படி ஊற்றுங்கள். குச்சியால் மேலாக ஒருமுறை கிளறி, உலர்ந்த கட்டி எதுவும் இல்லாமல் பார்த்து, மறுபடி சமன்செய்து 10 நிமிடம் விடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சொட்டவிட்டால், முதல் சொட்டுகள் நடுவில் ஒரு கிணறு தோண்டி அதன் வழியாகவே இறங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் தண்ணீர் அதை விடாது. கடைசியில் பொடியைத் தட்டிக் கொட்டிப் பார்த்தால் நடுவில் வெளிறியும் ஓரத்தில் கறுத்தும் இருக்கும்.

5. இரண்டாவது காகித வட்டத்தைப் பொடியின் மேல் வையுங்கள். விழும் சொட்டு காகிதத்தில் பரவி எல்லாப் பக்கமும் இறங்கும், பொடியில் குழியும் விழாது. சின்ன வேலைதான், ஆனால் சுவையில் தெரியும் வேறுபாடு பெரிது.

6. டிரிப்ஸ் செட்டின் சக்கரத்தை முழுவதும் மூடிவிட்டு, பாட்டிலில் 300 மில்லி குளிர்ந்த தண்ணீரும் 140 கிராம் பனிக்கட்டியும் போடுங்கள். தூசி விழாமல், காற்றுப் போக இடம்விட்டு, ஒரு தட்டால் மூடுங்கள். குப்பியை விரலால் இரண்டு முறை அழுத்தி விடுவித்தால் தண்ணீர் பாதிவரை நிரம்பும். சக்கரத்தைத் திறந்து, குழாயில் உள்ள காற்றுக்குமிழி முழுவதும் போகும்வரை ஒரு கிண்ணத்தில் ஓடவிட்டு மறுபடி மூடுங்கள். கிண்ணத்தில் விழுந்ததைத் திரும்பப் பாட்டிலிலேயே ஊற்றிவிடுங்கள்.

7. ஃபில்டர் பாத்திரத்தை ஜாடி மேலும் ஜாடியைப் பனிக்கட்டிக் கிண்ணத்திலும் வைத்து, குழாய் நுனியை நடுவில் நிறுத்தி, சக்கரத்தை மெல்லத் திறங்கள்.

சொட்டின் வேகம்

கோல்ட் டிரிப்பில் கற்றுக்கொள்ளவேண்டியது உண்மையில் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான ஏற்பாடு.

பாட்டிலில் இருப்பது 440 மில்லி. அது நாலு மணி நேரத்தில் இறங்கவேண்டுமானால் மணிக்கு 110 மில்லி. 1 மில்லிக்கு 20 சொட்டு என்றால் மணிக்கு 2,200, நிமிடத்துக்கு 36, 37 சொட்டு. கைக்கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் குப்பியைப் பார்த்து எண்ணுங்கள். 35க்கும் 40க்கும் இடையில் வந்தால் போதும்.

கடையில் வாங்கிய கருவியில் வால்வின் வாய் வேறு அளவு என்பதால் சொட்டின் பருமனும் வேறு. அதில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரு சிறு தம்ளரை வால்வுக்கு அடியில் 10 நிமிடம் வைத்து எடையைப் பாருங்கள். 18 கிராம் இருந்தால் சரியான வேகம். ஒருமுறை இப்படி அளந்து, அப்போது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுந்தது என்று குறித்துக்கொண்டால், அடுத்த முறை முதல் எண்ணினாலே போதும்.

வைத்துவிட்டுத் தூங்கப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகாதீர்கள், முதல் சில தடவையாவது. தண்ணீர் மட்டம் இறங்கினால் சொட்டு மந்தமாகும் என்பதை மேலே பார்த்தோம். அதற்கு எதிர்த்திசையில் இன்னொன்றும் நடக்கிறது. பனிக்கட்டித் தண்ணீர் கெட்டியானது. 0 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை 30 டிகிரியில் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பனி உருகி முடிந்து தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் திறப்பை மாற்றாமலே வேகம் கூடும். எந்த விசை எப்போது முந்தும் என்பது உங்கள் அறையைப் பொறுத்தது. ஆகவே முதல் 15 நிமிடத்தில் ஒருமுறை, பிறகு 45 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்துத் திருத்துங்கள். கைபேசியில் மணி வைத்துக்கொண்டால் மறக்காது.

அடிக்கடி பார்க்க முடியாதவர்களுக்கு ஒரு வழி. காற்றுத் துளை உள்ள டிரிப்ஸ் செட்டை வாங்கி, அடி வெட்டாத கெட்டியான பாட்டிலில் செருகுங்கள். காற்று, முனையின் பக்கத்துளை வழியாக அடியிலிருந்தே உள்ளே போகும். அந்த இடத்தில் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றின் அழுத்தம்தான் என்பதால், மேலே தண்ணீர் எவ்வளவு குறைந்தாலும் சொட்டின் வேகம் மாறாது. குறுகிய வாயில் பனிக்கட்டி போகாது. முன்கூட்டியே நன்றாகக் குளிரவைத்த தண்ணீரை ஊற்றி, பாட்டிலைச் சுற்றி ஈரத்துண்டு கட்டிவிடுங்கள்.

முதல் சொட்டு ஜாடியில் விழ 20, 30 நிமிடம் ஆகலாம். பதறி வால்வைத் திறந்துவிடவேண்டாம், பொடி நிறைந்து முடித்தபின் தானாக வரும். முதலில் விழுவது கரும்பாகு நிறத்தில் இருக்கும். போகப்போகச் செம்பழுப்பாகி, கடைசியில் கட்டஞ்சாயா நிறத்துக்கு வெளிறும். அந்த நிறம் வந்ததும் மேலே தண்ணீர் மிச்சம் இருந்தாலும் ஜாடியை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் வருவது துவர்ப்பு மட்டுமே. ஃபில்டரைத் தட்டியோ அழுத்தியோ கடைசிச் சொட்டையும் இறக்கும் ஆசை வேண்டாம்.

சுவை பார்க்கும் முன் ஜாடியை நன்றாகக் கலக்குங்கள். கெட்டியான முதல் பங்கு அடியிலும் இளம் பங்கு மேலேயும் அடுக்காக நிற்கும். கலக்காமல் ஊற்றிய முதல் தம்ளரைக் குடித்துவிட்டு, காபி நீர்த்துவிட்டது என்று முடிவுகட்டுவது தொடக்கக்காரர்களிடம் அடிக்கடி நடக்கிறது.

எங்கே தவறுகிறது

பொடியின் மேல் தண்ணீர் குளம்போலத் தேங்கினால் பொடி நைசாக இருக்கிறது, அல்லது தூள் சலிக்கப்படவில்லை, அல்லது அழுத்திவிட்டீர்கள். சொட்டை நிறுத்தி, குளம் வடியும்வரை காத்திருந்து, நிமிடத்துக்கு 25 சொட்டாகக் குறைத்துத் தொடருங்கள். காபி சற்றுக் கசக்கும், ஆனால் அந்தப் பொடி வீணாகாது. அடுத்த முறை பருமனாக அரையுங்கள்.

காபி வெளிறிப் புளித்து, வாயில் நிற்காமல் போனால் தண்ணீர் வேகமாக இறங்கியிருக்கிறது. பொடியைக் கொட்டி உடைத்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே நிறத்தில் நனைந்திருந்தால் பருமன் அதிகம் அல்லது சொட்டு வேகம் அதிகம். உலர்ந்த திட்டு தெரிந்தால் தடம் விழுந்திருக்கிறது. அதற்கு மருந்து நாலாவது படியில் இருக்கிறது.

கசந்து, நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இருந்தால் பொடி நைசு, அல்லது வறுவல் கறுப்பு, அல்லது ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

சொட்டு திடீரென்று நின்றுவிட்டால் முதலில் மேல் மூடியைப் பாருங்கள். இறுக்கமாக மூடியிருந்தால் உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் தண்ணீர் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். மூடி சரியாக இருந்தால் குழாயில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்றும், பனிக்கட்டித் துண்டு பாட்டிலின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதைத் திருத்துவதானாலும் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பருமன், வேகம், பொடியின் அளவு மூன்றையும் ஒன்றாக மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. தேதி, கொட்டை, பொடியின் எடை, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, மொத்த நேரம், சுவை என்று ஒரு தாளில் ஒரு வரி எழுதிவையுங்கள். நாலைந்து வரி சேர்ந்ததும் உங்கள் கொட்டைக்கு எது ஒத்துவருகிறது என்று புலப்படும்.

சேமிப்பும் கழுவலும்

இறக்கிய காபியை, வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, உடனே ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். உள்ளே காற்று குறைவாக இருந்தால் வாசனை நிற்கும். ஒரு நாள் போனபின் கூர்மை தணிந்து உருண்டு வரும் சுவை பலருக்கும் பிடிக்கும். மூன்று நாளுக்குள் குடித்து முடியுங்கள். கொதிக்காத பானம் இது. புளித்த வாடையோ மேலே நுரையோ தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

டிரிப்ஸ் குழாயின் உட்புறம் முழுவதும் உலராது. அதனால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஓடவிட்டு, உதறி, தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை புது செட் மாற்றுவது நல்லது. கையால் தொட்டால் உட்புறம் வழவழக்கிறது என்றால் நாள் கணக்குப் பார்க்காமல் எறியுங்கள். ஃபில்டர் ஓட்டைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அடைத்திருந்தால் ஊசியால் குத்தி எடுங்கள். நனைந்த பொடி ரோஜாச் செடித் தொட்டியின் மண்ணில் கலக்க ஆகும், மேலே கெட்டியாகப் பரப்பினால் மட்டும் தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்துவிடும்.

குடிக்கும்போது

1க்கு 10 என்று இறக்கிய காபி கெட்டியானது. சிறு தம்ளரில் ஒரு பெரிய பனிக்கட்டியின் மேல் 70, 80 மில்லி ஊற்றி அப்படியே குடிப்பது முதல் வழி. கடுமையாகத் தெரிந்தால் பாதிக்குப் பாதி குளிர்ந்த தண்ணீர் சேர்க்கலாம். சில்லென்று இருக்கிறதே என்று காஃபீனும் குறைவாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 50 கிராம் அராபிகாவில் சுமார் 600 மில்லிகிராம் காஃபீன் இருக்கும், அதில் பெரும்பங்கு ஜாடிக்கு வந்துவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015ல் சொன்ன எல்லை, நலமாக உள்ள பெரியவருக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200. ஆகவே ஒரு ஜாடி என்பது குறைந்தது இரண்டு பேருக்கானது.

புளிப்பு குறைவாகத் தெரிவதால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கையும் உண்டு. குளிர்ந்த நீரில் ஊறவைத்த காபியையும் வெந்நீர்க் காபியையும் ஒப்பிட்டு 2018ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் ஆய்விதழில் வந்த ஆய்வில் இரண்டின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே, 4.85க்கும் 5.13க்கும் இடையில் இருந்தது. மொத்த அமிலம் வெந்நீர்க் காபியில் கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் இதைக் குடிக்கவேண்டாம்.

சர்க்கரை குளிர்ந்த காபியில் கரையாமல் அடியில் நிற்கும். 100 கிராம் சர்க்கரையை 100 மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவைத்துக்கொண்டால் தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி போதும். கருப்பட்டியும் இதே அளவில் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்க்கலாம். நடுத்தர வறுவல் காபியோடு அது நன்றாகவே ஒட்டும்.

பாலில்லாமல் முடியாது என்பவர்கள் அளவை மாற்றவேண்டும். 1க்கு 10 காபியில் பால் சேர்த்தால் காபி காணாமல் போய்விடும். 60 கிராம் பொடிக்கு 360 மில்லி தண்ணீர் என்று 1க்கு 6 ஆக வைத்து, சொட்டை நிமிடத்துக்கு 30 ஆகக் குறைத்தால் 240 மில்லி கெட்டிக் காபி வரும். காய்ச்சி ஆறவைத்து ஏடு எடுத்த பாலை நன்றாகக் குளிரவைத்து, ஒரு பங்கு காபிக்கு ஒன்றரைப் பங்கு பால் ஊற்றுங்கள். முதலில் பால், அதன் மேல் காபி.